அறுபத்தொரு நாள் தண்ணீர்

போன மாதம், நகரத்தின் மற்றத் தொங்கலில் இருக்கிற ரெக்ஸ்டேலில் இருந்து குகன் என்று ஒருவர் எனக்குப் போன் எடுத்தார். முன்பின் தெரியாதவர். இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டு, கிழமைக்கு மூன்று நாள் டயாலிசிஸ் செய்கிறாராம். எனக்கு வைத்ததுபோல அவருக்கும் பன்றியின் சிறுநீரகம் ஒன்று வைக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் கேட்டிருக்கிறார்கள். என்னிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு என் நம்பரை அவருக்குக் கொடுத்திருந்தார்கள். மனிசன் சுகம் விசாரித்து முடிக்கவில்லை, கேட்டுவிட்டார்.

"அக்கா, நான் சைன் வைக்கவோ, வேண்டாமோ?"

"தம்பி, உது ஒரு வசனத்திலை சொல்லுற விசயமில்லை. எழுதி அனுப்பிறன்," என்றேன். எழுதத் தொடங்கியபிறகுதான், யாருக்கும் முழுதாகச் சொல்லாத ஒன்றையும் இதில் எழுத வேண்டிவரும் என்று தெரிந்தது. சரி, எழுதுகிறேன். டயாலிசிஸ் கதிரையில் நாலு மணித்தியாலம் சும்மாதானே இருக்கிறேன்.

என் பெயர் செல்வராணி. வயது ஐம்பத்தைந்து. மல்வேர்னில் ஒரு டவுன்ஹவுஸில் இருக்கிறோம்: நான், கணவர் சிவநேசன், மகள் அபிராமி. பதினாலு வருடம் ஒரு பேக்கரித் தொழிற்சாலையில் வேலை செய்தேன். பெல்ட்டில் ஓடிவருகிற பன்களில் கோணல், கருகல், உப்பாதது எதுவோ அதைப் பொறுக்கி எறிவது என் வேலை. எட்டு மணித்தியாலமும் நிற்க வேண்டும். இடது தொடையில் ஊரில் யுத்தத்தில் பட்ட ஷெல் காயம் இருந்தது. நின்றால் அந்தக் கால் விண்விண் என்று வலிக்கும். அதற்குக் காலையில் இரண்டு, மத்தியானம் இரண்டு நோக்குளிசை. மருந்துத் துண்டு இல்லாமல் கடையில் வாங்கக்கூடிய குளிசைதானே, அது என்ன செய்துவிடப்போகிறது என்று நினைத்தேன். பிரஷர் ஏறியிருந்ததும் தெரியாது. இரண்டும் சேர்ந்து சிறுநீரகத்தை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தன.

ஒரு குளிர்காலக் காலையில் வேலைக்குப் போகிற பஸ்ஸின் படியில் ஏற முடியவில்லை. மூச்சு வாங்கியது. கண்ணாடியில் பார்த்தால் முகம் அதிரசம்போல ஊதியிருந்தது. குடும்ப டொக்டர் இரத்தம் எடுத்து அனுப்பினார். அன்று பின்னேரமே போன் எடுத்து, "இப்பவே எமேர்ஜென்சிக்குப் போங்கள், நாளைக்கு என்று நிற்க வேண்டாம்," என்றார். அங்கே ஒன்பது மணித்தியாலம் பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தோம். இவர், என் மனிசன், இரண்டு தரம் எழும்பிப் போய் நேர்ஸிடம் சண்டை பிடித்தார். மூன்றாம் தரம் போகாமல் நான் அவருடைய ஜக்கெற்றைப் பிடித்து இழுத்து இருத்தினேன்.

டயாலிசிஸ் என்பது இரத்தத்தை உடம்புக்கு வெளியே எடுத்து, ஒரு மெஷினில் கழுவி, திருப்பி விடுவது. வெளியே எடுக்க ஒரு வழி வேண்டும். முதலில் இடது கையில் இரண்டு நாளங்களைத் தைத்து வழி செய்தார்கள். ஒன்றரை வருடத்தில் அது கட்டிபட்டு அடைத்துவிட்டது. வலது கையில் ஒரு குழாயைப் புதைத்தார்கள். கிருமி பிடித்துக் கழற்றினார்கள். பிறகு கழுத்தில் வலப்பக்கம், இடப்பக்கம். ஆறாவது வருடத்தில் தொடை இடுக்கில் குழாய் போட்டார்கள். அதைப் போட்ட டொக்டர் கையுறையைக் கழற்றியபடி, "இதுவும் அடைத்தால் இனி வைக்க இடமில்லை," என்றார். இடமில்லை என்றால் டயாலிசிஸ் இல்லை. டயாலிசிஸ் இல்லை என்றால் எனக்கு ஒரு கிழமை, மிஞ்சினால் இரண்டு கிழமை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். டயாலிசிஸ் செய்கிறவர்களுக்குத் தண்ணீர் அளவு. சிறுநீர் போகாதபடியால் குடிக்கிறதெல்லாம் உடம்பிலேயே நிற்கும், நெஞ்சில் ஏறும். எனக்கு ஒரு நாளைக்கு ஒரு லீற்றர். கஞ்சி, தேத்தண்ணி, குளிசை விழுங்குகிற தண்ணீர் எல்லாம் அதற்குள். காலையில் ஒரு போத்தலில் அளந்து வைப்பேன். யூலை மாதத்தில் மத்தியானத்துக்கு முன்பே போத்தல் முடிந்துவிடும். மற்றவர்கள் மடக்கு மடக்கென்று தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். இவர் பாவம், ஆறு வருடமாகத் தண்ணீர் குடிக்கக் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டுவார்.

தொடையில் குழாய் போட்ட அன்று நான் நேர்த்தி வைத்தேன். "முருகா, நான் திரும்ப ஒருக்கா எல்லாரையும்போலை தண்ணி குடிச்சு, எல்லாரையும்போலை ஒண்டுக்குப் போனால், உனக்கு மிளகு விரதம் பிடிக்கிறன்." கந்தசஷ்டி ஆறு நாளும் முதல் நாள் ஒரு மிளகு, இரண்டாம் நாள் இரண்டு என்று கூட்டிக்கொண்டு போய், ஆறாம் நாள் ஆறு மிளகு. ஒவ்வொரு நாளும் உள்ளங்கையில் கொள்கிற அளவு தண்ணீர். வேறொன்றும் இல்லை. அந்த நேரம் இது பெரிய விரதமாகவே தெரியவில்லை. ஏற்கெனவே பாதிப் பட்டினி கிடக்கிறவளுக்கு ஆறு நாள் என்ன.

இவர் தன் சிறுநீரகத்தைத் தருவதற்கு ஓடிப்போய் நின்றார். இரத்த வகையும் பொருந்தியது. ஆனால் கடைசிச் சோதனையில் அவருடைய இரத்தக் கலங்களை என் இரத்த நீரோடு கலந்தபோது எல்லாம் செத்துவிட்டன. எங்கள் சிறுநீரக டொக்டரின் பெயர் மார்லீன். நிதானமான பெண். அவர் சொன்னதை அபிராமி தமிழாக்கினாள்.

"அம்மா, உங்கட உடம்பு கன பேரை மீட் பண்ணியிருக்காம். ப்ரெக்னன்சியிலை என்ரை பிளட்டாலை அப்பாவை. பிறகு ஊரிலை உங்களுக்கு ஏத்தின பிளட்டிலை ஸ்ட்ரேஞ்சேர்ஸ். ஸோ, இப்ப ஆரைக் கண்டாலும் அற்றாக் பண்ணுமாம்."

இவர், "என்னைக் கண்டால் அற்றாக் பண்ணுவா எண்டது முப்பது வருசமாத் தெரிஞ்ச விசயந்தானே. லாப்பிலை வேற காட்டோணுமே?" என்றார். டொக்டர் என்ன என்று கேட்டார். ஒருவரும் மொழிபெயர்க்கவில்லை.

எனக்கு இது சோதனைச் சாவடிக் கணக்காகத்தான் விளங்கியது. உடம்பின் ஒவ்வொரு கலத்திடமும் ஒரு அடையாள அட்டை இருக்கிறது. இரத்தத்தில் சென்ரிக்காரர், காவல்காரர், திரிகிறார்கள். தெரியாத அட்டை என்றால் சுடுவார்கள். அதைத்தான் உறுப்பு நிராகரிப்பு என்கிறார்கள். சாதாரண ஆட்களுக்குக் குளிசை கொடுத்துச் சென்ரிக்காரரை அரைத் தூக்கத்தில் வைக்கலாம். என்னுடைய சென்ரிக்காரரோ ஊர் உலகத்து அட்டைகளையெல்லாம் பார்த்து மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். காத்திருப்போர் பட்டியலில் என் பெயர் இருந்தது. ஆனால் எனக்குப் பொருந்துகிற மனிதச் சிறுநீரகம் வரும் என்று டொக்டர் ஒரு நாளும் சொன்னதில்லை. தொடையில் குழாய் போட்ட மூன்றாம் மாதம்தான் பன்றியின் கதையை எடுத்தார்.

பன்றியின் கலங்களில் ஒரு வகைச் சர்க்கரை உண்டு. மனித உடம்பு அதைக் கண்டவுடனே சுடும். சில நிமிடத்திலேயே சிறுநீரகம் கறுத்துவிடும். அதனால் அந்தச் சர்க்கரையைச் செய்கிற மரபணுவை நீக்கி, மனிதருடைய சில மரபணுக்களைச் சேர்த்துப் பன்றி வளர்க்கிறார்கள். பழைய அட்டையைக் கிழித்துப்போட்டு, எங்களுடைய அட்டையின் போட்டோக் கொப்பி ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்புகிற மாதிரி. என் இரத்தத்தை அந்தப் பன்றியின் கலங்களோடு கலந்து பார்த்திருந்தார்கள். மனிதர் எல்லோரையும் சுடுகிற என் இரத்தம் பன்றியை அவ்வளவாகச் சுடவில்லை.

"இது இன்னும் பரிசோதனைதான்," என்றார் டொக்டர். "உங்களுக்கு முன்னால் செய்துகொண்டவர்கள் மிகச் சிலர். எத்தனை நாள் வேலை செய்யும் என்று என்னால் சொல்ல முடியாது. அதனால் நீங்கள் சாகவும்கூடும்." பன்றியிடமிருந்து ஏதாவது வைரஸ் தொற்றக்கூடும் என்பதால் உயிருள்ளவரை என் இரத்தத்தை எடுத்துப் பார்ப்பார்கள், இவருடையதையும் அபிராமியுடையதையும்கூட. நான் கையெழுத்து வைத்தேன். பயமில்லாமல் அல்ல. கடதாசியில் என் பெயரே வேறு யாருடையதோ போல விழுந்தது.

வெளியில் என்ன சொல்வது என்று காரில் வரும்போதே பேச்சு வந்தது. எங்கள் வீட்டில் வெள்ளியும் செவ்வாயும் மச்சம் மாமிசம் இல்லை. பன்றி எந்த நாளும் இல்லை.

"ஒரு வெள்ளைக்காரப் பெடியன், அக்சிடென்ரிலை செத்தவன். அவன்ரை கிட்னி எண்டு சொல்லுவம்," என்றார் இவர்.

"ஏன், பொய் சொல்ல வேணுமே?"

"பின்னை, நீர் கோயிலுக்குப் போற நேரம் சனம் உம்மை ஒரு மாதிரிப் பாக்கட்டும் எண்டுறீரோ?"

நானும் ஓம் என்றுவிட்டேன். எங்கள் சனத்துக்கு இது கைவந்த கலை. வருத்தத்தை மறைப்போம், வேலை போனதை மறைப்போம், பிள்ளை வேற்றாளைக் காதலித்தால் அதையும் மறைப்போம். மறைக்கிற பழக்கம் எதில் போய் முடியும் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

செப்ரெம்பர் தொடக்கத்தில் ஒப்பரேஷன். கண் விழித்தபோது கட்டிலின் பக்கத்தில் ஒரு பை தொங்கியது. அதில் மஞ்சளாகச் சிறுநீர். சிறுநீரகத்தைப் பொருத்தி இரத்தத்தைத் திறந்துவிட்டவுடன், மேசையில் வைத்தே அது சிறுநீர் விடத் தொடங்கியதாம். ஆறு வருடத்துக்குப் பிறகு என் சிறுநீரை நான் பார்த்தேன். இவர் அந்தப் பையின் முன்னால் நின்று குலுங்கிக் குலுங்கி அழுதார். பிலிப்பீன்ஸ்கார நேர்ஸ் ஒருத்தி அவருக்கு ரிஷூப் பெட்டியை நீட்டினாள்.

மூன்றாம் நாள் அதே நேர்ஸ் வந்து, "இனி நீங்கள் நாளைக்கு மூன்று லீற்றர் குடிக்கவேண்டும். குடிக்காவிட்டால் நான் சண்டைக்கு வருவேன்," என்றாள். அடுத்த நாள் இவர் வீட்டிலிருந்து பெரிய சில்வர் பேணியைக் கொண்டுவந்தார். குழாயைத் திறந்து நிரப்பித் தந்தார். முதல் மிடறில் நிறுத்தி, பழக்க தோஷத்தில் எவ்வளவு குறைந்தது என்று பார்த்தேன். "பாக்காதையும். குடியும்," என்றார். குடித்தேன். நெஞ்சுக்குள் குளிர்ந்துகொண்டு இறங்கியது. இன்னொரு பேணி. இன்னொன்று. ஒரு சந்தோசத்தை எழுதச் சொன்னால் கலியாணத்தை எழுதமாட்டேன், இதைத்தான் எழுதுவேன்.

பதினாறாம் நாள் வீட்டுக்கு விட்டார்கள். காலையும் மாலையுமாக இருபத்து மூன்று குளிசைகள். கிழமைக்கு இரண்டு தரம் டவுன்ரவுன் ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் கொடுக்கவேண்டும். ஒரு கொப்பியில் குடித்தது எவ்வளவு, போனது எவ்வளவு என்று எழுதவேண்டும். அந்தக் கொப்பியைப் பார்த்துத்தான் அவர்கள் முடிவெடுப்பார்கள். என் தொடைக் குழாயைக் கழற்றிவிட்டார்கள். காலை மடித்துக் கட்டிலில் இருக்க முடிந்தது.

மார்க்கம் வீதிப் பக்கம் இருக்கிற தேவி மச்சாள், இவருடைய தங்கை, அடிக்கடி வருவா. அந்த இல்லாத வெள்ளைக்காரப் பெடியனுக்காகக் கோயிலில் மோட்ச விளக்கு ஏற்றிவிட்டு வந்து, "ஆற்றை பெத்த பிள்ளையோ," என்று கண் கலங்கினா. எனக்கு வெட்கமாக இருந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு நாள் அந்தப் பன்றியைப் பற்றிக் கேட்டேன். பெண் பன்றி, ஒரு வயதுகூட இல்லை, கிருமி படக்கூடாதென்று பிறந்த நாளிலிருந்து மூடிய கட்டிடத்துக்குள் வளர்ந்தது என்றார்கள். அதற்கு ஒருவரும் விளக்கு ஏற்றவில்லை.

தீபாவளிக்கு முதல் நாள் தேவி மச்சாள்தான் சொன்னா.

"அண்ணி, சஷ்டி வருகுதெல்லோ. முருகன் உங்களுக்குக் கண் திறந்திட்டான். இந்த முறை ஒரு நேரமெண்டாலும் பிடியுங்கோ."

என் நேர்த்தி மச்சாளுக்குத் தெரியாது. இவருக்குத் தெரியும். மச்சாள் போனதும் இவர் கேட்டார்.

"நீர் உந்த மிளகு விரதத்தை நினைச்சுக்கொண்டு இருக்கிறீரோ?"

"நேர்த்தி வைச்சனான்."

"நான் உமக்காகப் பிடிக்கிறன். நீர் தண்ணியைக் குடியும், குளிசையைப் போடும்."

"நான் வைச்சதை நீங்கள் எப்பிடித் தீர்க்கிறது?"

"ராணி, விளையாடாதையும். பிடிக்கமாட்டன் எண்டு சொல்லும்."

"பிடிக்கேல்லை," என்றேன். சாமிப் படத்துக்கு முன்னால் நின்றுதான் சொன்னேன்.

தீபாவளிக்கு மறுநாள் காலை இருபத்தொரு மிளகை எண்ணி ஒரு சின்னக் கிண்ணத்தில் போட்டுச் சாமித் தட்டில் வைத்தேன். ஒன்றும் இரண்டும் மூன்றும் நாலும் ஐந்தும் ஆறும் இருபத்தொன்று. ஏன் செய்தேன் என்று இப்போது என்னையே கேட்கிறேன். பயம். கொடுத்தவன் திருப்பி எடுத்துவிடுவான் என்ற பயம். சொன்ன சொல்லைத் தீர்க்காவிட்டால் இந்தச் சிறுநீரகம் நிலைக்காது என்று உண்மையாகவே நம்பினேன். டொக்டரின் குளிசை ஒரு கை, முருகன் ஒரு கை, இரண்டு கையும் சேர்ந்து பிடித்திருக்கின்றன என்று நினைத்தேன்.

இவர் பின்னேர வேலைக்கு இரண்டு மணிக்குப் போவார், நடுச்சாமம் வந்து மத்தியானம் வரை நித்திரை. அபிராமி வங்கி வேலைக்கு விடியவே போய்விடுவாள். நான் சாப்பிடாததை யாரும் பார்க்கவில்லை. குளிசைகளை மட்டும் விடவில்லை. காலைக் குளிசைகளை உள்ளங்கைத் தண்ணீரில் பாதியோடும், மாலைக் குளிசைகளை மற்றப் பாதியோடும் விழுங்கினேன். கொப்பியில் போனதை உள்ளபடி எழுதி, குடித்தது மூன்று லீற்றர் என்று எழுதினேன். அடுத்த நாளும் மூன்று லீற்றர். கொப்பியைப் பார்க்கிறவர்கள் கவலைப்படக்கூடாதே என்று எழுதினேன். அவ்வளவு நல்லெண்ணம்.

மூன்றாம் நாள் காலை வெறும் வயிற்றில் போட்ட குளிசைகள் ஒன்றும் நிற்கவில்லை. சத்தியெடுத்தேன். வெள்ளைத் தூளாகக் குளிசைகள் வெளியே வந்தன. திரும்பப் போடவேண்டும் என்று தெரியும். திரும்பப் போட இன்னொரு மடக்குத் தண்ணீர் வேண்டும், விரதம் முறிந்துவிடும். போடவில்லை. மாலையும் அதே கதை. இதைத்தான் நான் யாருக்கும் முழுதாகச் சொல்லவில்லை என்று தொடக்கத்தில் எழுதினேன்.

நாலாம் நாள் இரத்தம் கொடுக்கிற நாள். நாலு மிளகையும் விழுங்கிவிட்டுப் போனேன். மத்தியானமே டொக்டர் மார்லீன் எங்களை அறைக்குக் கூப்பிட்டார். அபிராமி வேலையிலிருந்து ஓடிவந்திருந்தாள். கிரியற்றினின், அதாவது சிறுநீரகம் வெளியேற்றவேண்டிய கழிவின் அளவு, ஏறியிருந்தது. சென்ரிக்காரரைத் தூங்கவைக்கிற மருந்தின் அளவு இரத்தத்தில் குறைந்திருந்தது.

"ஏதாவது குளிசை தவறியதா?"

"இல்லை."

"சத்தி, வயிற்றோட்டம்?"

மகள் கேட்டு, மகள் சொல்லவேண்டும். அப்பாவிடம் சத்தியம் செய்துவிட்டு விரதம் பிடித்தேன் என்று அவள் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? "இல்லை," என்றேன்.

அவர்கள் கொப்பியைப் பார்த்தார்கள். மூன்று லீற்றர் குடிக்கிறாள், முக்கால் லீற்றர்தான் போகிறது. அப்படியென்றால் உள்ளே சிறுநீர் இறங்குகிற குழாயில் எங்கோ அடைப்பு. என்னை வார்ட்டில் மறித்து ஸ்கான் எடுத்தார்கள். சிறுநீர்ப்பைக்குள் குழாய் விட்டார்கள். இன்னொரு ஸ்கான். என் பொய்க் கொப்பியை நம்பி இரண்டு நாள் அடைப்பைத் தேடினார்கள். நான் கட்டிலில் படுத்துக்கொண்டு, அடைப்பு இருந்துவிடவேண்டும் முருகா என்று கும்பிட்டேன்.

என்னை மறித்த மூன்றாம் நாள் காலை இவர் வந்தார். ஜக்கெற்றைக்கூடக் கழற்றவில்லை. பையிலிருந்து அந்தச் சின்னக் கிண்ணத்தை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தார்.

"அபி விளக்கு வைக்கப் போனவள். இதென்ன சாமித் தட்டிலை மிளகு எண்டு என்னைக் கேட்டவள். நான் எண்ணிப் பாத்தனான்." கிண்ணத்தை என் பக்கம் தள்ளினார். "பதினொண்டு கிடக்கு, ராணி. நாலு நாள் பிடிச்சிருக்கிறீர்."

நான் சுவரைப் பார்த்தேன்.

"என்னட்டை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நான் ஏசியிருப்பன். ஏசிப்போட்டு உம்மை இஞ்சை கூட்டிக்கொண்டு வந்திருப்பன்."

டொக்டரைக் கூப்பிட்டுச் சொன்னேன். விரதத்தையும் கொப்பியையும் சொன்னேன். சத்தியெடுத்த குளிசைகளில் ஒரு நேரத்தை மட்டும் சொன்னேன். இரண்டு நேரம் என்று வாய் வரவில்லை. அபிராமி மொழிபெயர்க்கும்போது நடுவில் நிறுத்தி, "அம்மா, ஏன்?" என்று கேட்டாள். டொக்டர் ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாக இருந்திருக்கும்.

அன்றே பயொப்ஸி. வயிற்றுக்கு மேலால் ஊசியை விட்டுச் சிறுநீரகத்தில் ஒரு நூலளவு தசையை எடுத்து, நுண்ணோக்கியில் பார்ப்பது. விளைவு: நிராகரிப்பு. பன்றிக்கு எதிராக என் இரத்தத்தில் புதிதாக எதிர்ப்புப் பொருட்கள் முளைத்திருந்தன. சென்ரிக்காரர் போட்டோக் கொப்பியைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்லத் தெரியவில்லை. நரம்பால் ஸ்ரெரொய்ட் ஏற்றினார்கள். என் கை கால் எல்லாம் எரிந்தது, முகம் திரும்பவும் ஊதியது. இரத்தத்தின் நீர்ப் பகுதியை மெஷினால் பிரித்தெடுத்து, அதிலுள்ள எதிர்ப்புப் பொருட்களோடு வீசிவிட்டு, வேறு நீரைச் சேர்த்தார்கள். அதற்கு வழி வேண்டுமே. தொடையில் திரும்பவும் குழாய். அந்தப் பக்கத்து நாளம் சுருங்கியிருந்ததால், ஷெல் பட்டது சரிவராது என்று முன்பு விட்டிருந்த மற்றப் பக்கத்தில் கஷ்டப்பட்டுப் போட்டார்கள். பை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, தேத்தண்ணி நிறத்துக்கு வந்து, பிறகு இரத்த நிறமானது. இவர் கட்டிலுக்குப் பக்கத்திலிருந்து பையைப் பார்த்துக்கொண்டே இருப்பார். நேர்ஸ் பையை மாற்ற வந்தால் எழும்பி நிற்பார்.

அறுபத்தோராம் நாள் அதை வெட்டி எடுத்தார்கள். விட்டால் என்னையும் கொண்டுபோகும் என்றார்கள். ஒப்பரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது யன்னலுக்கு வெளியே அந்த வருடத்தின் முதல் பனி. இவர் தள்ளுக்கட்டிலோடு லிஃப்ட் வரை நடந்து வந்தார். நான் தொண்டை வரண்டு, தண்ணி கேட்டேன். ஒப்பரேஷனுக்கு முன்னால் கொடுக்கமாட்டார்கள். ஈரப் பஞ்சால் இவர் என் உதட்டைத் துடைத்துவிட்டார்.

பிறகு ஒரு நாள் டொக்டர் மார்லீனிடம் நேராகக் கேட்டேன். இந்த முறை அபிராமி வேண்டாம், எனக்குத் தெரிந்த ஆங்கிலமே போதும். நானா கொன்றேன்?

தசையில் தெரிந்த சில அடையாளங்கள் நாலு நாளைவிடப் பழையவை, அதற்கு முன்பே உள்ளுக்குள் தொடங்கியிருக்கலாம், என்றார். குளிசை தவறாமல் இருந்திருந்தாலும் இது நடந்திருக்கலாம். கொஞ்சம் பிந்தி நடந்திருக்கலாம். நடக்காமலும் இருந்திருக்கலாம். "எனக்குத் தெரியாது, செல்வா. தெரியும் என்று சொன்னால் அது பொய்," என்றார். பொய் என்ற சொல்லை என்னைக் குத்தவேண்டுமென்று அவர் சொல்லவில்லை. ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. இரண்டாவது நேரக் குளிசைகளைப் பற்றி அப்போதுகூட அவரிடம் சொல்லவில்லை. இதை எழுதி முடித்ததும் அபிராமியை வாசிக்கச் சொல்லப்போகிறேன். அவள் மொழிபெயர்த்து அவருக்கு அனுப்பட்டும். அடுத்த ஆளுக்கு அது உதவும்.

இப்போது கிழமைக்கு மூன்று நாள் பழைய கதிரையில் இருக்கிறேன். தொடைக் குழாய் வேலை செய்கிறது. இரண்டு தரம் அடைத்து, மருந்து விட்டுத் திறந்தார்கள். மூன்றாம் தரம் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. இன்னொரு சிறுநீரகம் எனக்கு வராது. மனிதருடையதும் வராது, பன்றியுடையதும் வராது. தேவி மச்சாளிடம் பன்றி என்ற உண்மையை இவரே போய்ச் சொல்லிவிட்டார். மச்சாள், "அப்ப அதுக்கும் ஒரு விளக்கு வைக்கத்தானே வேணும்," என்று சொல்லி விளக்கு ஏற்றினாவாம்.

இவர் திரும்பவும் குளியலறைக்குள் போய்த்தான் தண்ணீர் குடிக்கிறார்.

நேற்றுக் குகன் திரும்பவும் போன் எடுத்தார். எழுதி முடியவில்லை என்றேன். அவரால் பொறுக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை மறுமொழி சொல்லவேண்டுமாம்.

"அக்கா, இவ்வளவும் நடக்கும் எண்டு முதலே தெரிஞ்சிருந்தால், நீங்கள் சைன் வைச்சிருப்பீங்களோ?"

"ஓம்."

"ஏன்?"

"அறுபத்தொரு நாள், தம்பி. கடைசிப் பத்து நாள் ஆஸ்பத்திரிக் கட்டில். அதை விடுங்கோ. மிச்ச நாளெல்லாம் எனக்குத் தண்ணி இருந்தது. அதிலை நாலு நாள், வேண்டிய தண்ணியை முன்னாலை வைச்சுக்கொண்டு, நானே வேண்டாமெண்டு விட்டனான். அந்த நாலு நாளை ஆராவது திருப்பித் தந்தால் போதும். வேறொண்டும் கேக்கமாட்டன்."

போனுக்குள் அவருடைய வீட்டில் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம், குழாய் ஓடுகிற சத்தம் கேட்டது.

"சைன் வையுங்கோ," என்றேன். "வைச்சுப்போட்டு அவங்கள் குடிக்கச் சொல்லுற அளவுக்குக் குடியுங்கோ. ஆருக்காவது நேர்த்தி வைக்கிறதெண்டால் முடியைக் குடுங்கோ, காவடி எடுங்கோ, தேருக்கு வடம் பிடியுங்கோ. தண்ணியை மட்டும் வைக்காதேங்கோ."